துடுப்பை விடாத கைகள்

இந்த வாரம் ஒரு சின்னச் சோதனையோடு ஆரம்பிப்போமா?

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, அதில் கை நிறைய ஐஸ் கட்டிகளைப் போடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வலது கையை மணிக்கட்டு வரை அந்தத் தண்ணீருக்குள் விடுங்கள். ஒரே ஒரு நிமிடம்தான்; அதற்கு மேல் வேண்டாம். பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ இருக்கட்டும். கையை வெளியே எடுத்தவுடன், சட்டைப் பொத்தானைப் போட முயன்று பாருங்கள்.

என்ன, விரல்கள் சொன்னபடி கேட்கவில்லையா? யாரோ வேறு ஒருவருடைய விரல்களைப் போல மரத்துப் போயிருக்கின்றனவா?

நான் ஆறாம் வகுப்பு ஆசிரியராக இருந்தபோது, ஐஸ் கம்பெனியிலிருந்து கால் பார் ஐஸ் வாங்கிவரச் செய்து, இதை வகுப்பில் செய்து காட்டுவதுண்டு. யாராலும் தன்னை அசைக்க முடியாது என்று நினைக்கும் முரட்டுப் பையன்கூட, அன்று பென்சிலைப் பிடிக்க முடியாமல் அசடு வழிவான். வகுப்பே சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும் நான் ஒரு மீனவரின் கதையைச் சொல்வேன். அதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் ஹோவர்ட் பிளாக்பர்ன். படகோட்டிகள் உலகில் இன்றும் மரியாதையோடு சொல்லப்படும் பெயர்.

மீன்பிடி ஊர்

அட்லஸை எடுத்து வட அமெரிக்காவின் படத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வலது பக்கம், அட்லாண்டிக் பெருங்கடலின் ஓரத்தில், கனடா நாட்டில் நோவா ஸ்கோஷியா என்ற மாநிலம் இருக்கிறதா? அங்கே போர்ட் மெட்வே என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு பிறந்தவர் பிளாக்பர்ன். சிறு வயதிலேயே கப்பல் வேலைக்குப் போய்விட்டார். பதினெட்டு வயதுவாக்கில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள குளோஸ்டர் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற உடம்பு.

குளோஸ்டர் என்றால் மீன். மீன் என்றால் குளோஸ்டர். அப்படிப்பட்ட ஊர் அது. பாய்மரக் கப்பல்களில் நூற்றுக்கணக்கான மைல் தூரம் போய் மீன் பிடித்து வருவார்கள். அந்தக் கப்பல்களுக்கு ஸ்கூனர் என்று பெயர். ஆனால் மீன் பிடிப்பது கப்பலில் இருந்தபடி அல்ல. இங்கேதான் விஷயம் இருக்கிறது, கவனியுங்கள்.

ஒவ்வொரு ஸ்கூனரின் மேல்தளத்திலும் டோரி என்ற சின்னஞ்சிறு மரப்படகுகளை, நம் வீட்டில் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவோமே, அதைப் போல அடுக்கி வைத்திருப்பார்கள். தட்டையான அடிப்பாகம், வெளிப்புறமாகச் சாய்ந்த பக்கங்கள், உட்காரும் பலகைகளைக் கழற்றி எடுத்துவிடலாம். அதனால்தான் அடுக்க முடிகிறது. மீன் இருக்கும் இடம் வந்ததும் ஒரு டோரிக்கு இரண்டு பேர் வீதம் இறங்குவார்கள். துடுப்புப் போட்டுக்கொண்டு கப்பலை விட்டுத் தூரமாகப் போவார்கள். நூற்றுக்கணக்கான முட்கள் கட்டிய நீளமான தூண்டில் கயிற்றைக் கடலின் அடியில் விரித்துவிட்டு வருவார்கள். பிறகு மறுபடியும் போய் அதை இழுத்து மீன்களைக் கழற்ற வேண்டும்.

என்ன மீன் என்று கேட்கிறீர்களா? ஹாலிபட். நம் ஊர் நாக்கு மீனைப் போலத் தட்டையானது. ஆனால் அளவு? நூறு கிலோவுக்கு மேலும் வளரும்! அப்படி ஒரு மீனைச் சின்னப் படகுக்குள் இழுத்துப் போடுவதே பெரிய போராட்டம். அதை நடுக் குளிர்காலத்தில், உறைபனிக் காற்றில் செய்ய வேண்டும். குளிர்காலத்தில் நல்ல விலை கிடைக்கும் என்பதால் அந்த மாதங்களிலும் போனார்கள். வயிற்றுப்பாடு ஆயிற்றே!

குளோஸ்டர் கடற்கரையில் கப்பல் சக்கரத்தைப் பிடித்தபடி நிற்கும் ஒரு மீனவரின் சிலை இருக்கிறது. 1925இல் வைத்தது. கடலுக்குப் போய்த் திரும்பி வராத அந்த ஊர்க்காரர்களின் பெயர்களை அதன் அருகில் பொறித்து வைத்திருக்கிறார்கள். எத்தனை பெயர்கள் தெரியுமா? ஐயாயிரத்துக்கும் மேல்! ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் இருக்கும் அத்தனை பேரையும் இரண்டு முறை எண்ணினால்கூட அவ்வளவு வராது.

பனிப்புயல்

1883ஆம் ஆண்டு ஜனவரி மாதம். கிரேஸ் எல். ஃபியர்ஸ் என்ற ஸ்கூனர், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குத் தெற்கே பர்ஜியோ திட்டு என்ற மீன்பிடி இடத்தில் நின்றிருந்தது. 25ஆம் தேதி காலை, விரித்துவைத்த தூண்டில் கயிறுகளை எடுக்க டோரிகள் இறங்கின. ஒரு டோரியில் பிளாக்பர்ன். அவருடன் டாம் வெல்ஷ் என்ற இளைஞர்.

வானிலை சரியில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் கயிறும் மீனும் போய்விடக் கூடாதே என்ற அவசரம். இருவரும் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும்போதே பனி கொட்ட ஆரம்பித்தது. காற்று திசை மாறியது. சற்று முன்புவரை காற்றின் மறைவில் கப்பலுக்கு அருகே இருந்த டோரி, இப்போது காற்றுக்கு எதிர்த்துப் போனால்தான் கப்பலை அடைய முடியும் என்ற நிலை. துடுப்பை வலித்து வலித்துப் பார்த்தார்கள். வெள்ளைத் திரை போட்டதுபோல் எங்கும் பனி. கப்பல் இருக்கும் இடமே தெரியவில்லை.

சிறிய நங்கூரத்தைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். இரவில் பனி சற்று விலகியபோது, தூரத்தில் கப்பலில் கொளுத்திக் காட்டிய விளக்கின் ஒளி தெரிந்தது. ஆகா, பிழைத்தோம் என்று மறுபடி துடுப்பு வலித்தார்கள். காற்று விடவில்லை. அந்த விளக்கு, கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாமல் போனது. பொழுது விடிந்தபோது கப்பலே காணோம்.

இனி ஒரே வழிதான். நியூஃபவுண்ட்லாந்து கரை. கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தூரம்! படகில் குடிக்கத் தண்ணீர் இல்லை. சாப்பாடு இல்லை. ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவோம் என்று இறங்கியவர்கள்தானே? எதையும் எடுத்து வரவில்லை. குழந்தைகளே, சின்னப் படகில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவற்றின் தொடக்கம் இந்த நினைப்புதான். அதோ பக்கத்தில்தானே, சீக்கிரம் வந்துவிடுவோமே!

போன கையுறை

படகைக் கனமாக்கிய மீன்களையும் கயிறுகளையும் கடலில் எறிந்தார்கள். அவ்வளவு பாடுபட்டுப் பிடித்தவை! ஆனால் பாரம் ஏற்றிய படகு அலையில் தாழ்ந்து போகும். தாழ்ந்த படகுக்குள் தண்ணீர் ஏறும். யோசிக்காமல் எறிந்தது நல்ல முடிவு.

இன்னொரு ஆபத்து, நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கும். கடல் நீர் உப்பு நீர் என்பதால் அது பூஜ்யம் டிகிரியில் உறையாது. இன்னும் கீழே, சுமார் மைனஸ் 1.8 டிகிரியில்தான் உறையும். ஆனால் காற்று அதைவிடப் பல மடங்கு குளிர்ந்திருந்தால் என்ன ஆகும்? அலை தெறிக்கும் ஒவ்வொரு துளியும் படகின் விளிம்பில் பட்டதும் பனிக்கட்டியாகிவிடும். துளித்துளியாகச் சேர்ந்து, விளிம்பெல்லாம் பனிக்கட்டிச் சுவர். படகின் மேல்பகுதி கனத்துப் போனால் தலைபாரம் தாங்காமல் கவிழும். அதனால் ஒருவர் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பனிக்கட்டியைத் தட்டி உடைத்துக்கொண்டும் இருக்க வேண்டும்.

படகு அலைக்குக் குறுக்கே திரும்பினால் கதை முடிந்தது. அணியம், அதாவது படகின் முன்பக்கம், எப்போதும் அலையைப் பார்த்தே இருக்க வேண்டும். பிளாக்பர்ன் ஒரு யோசனை செய்தார். தூண்டில் கயிற்றை மிதக்கவிடும் மரப்பீப்பாயின் ஒரு பக்கத்தை உடைத்தார். அதைக் கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து கடலில் விட்டார். தண்ணீர் புகுந்த பீப்பாய் பின்னால் இழுக்க, படகு தானாகவே அலையைப் பார்த்துத் திரும்பி நிற்கும். தரையைத் தொடாத நங்கூரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இன்றும் சிறு படகுகளில், இதே வேலைக்காகத் துணியால் செய்த குடை போன்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

இந்த வேலையைச் செய்யக் கையுறைகளைக் கழற்றிப் படகின் அடியில் வைத்தார் பிளாக்பர்ன். வெல்ஷ் அப்போது தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். இறைத்த தண்ணீரோடு கையுறைகளும் கடலுக்குள் போய்விட்டன.

யார் மேல் குற்றம்? யார் மேலும் இல்லை. புயல், ஒருவரைப் பார்த்து ஒருவர் பேசக்கூட நேரமில்லாத வேலை. ஆனால் கழற்றிய கையுறையைச் சட்டைக்குள் செருகியிருந்தால்? கையுறைகள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கியிருந்தால்? இதைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த ஏக்கம் வரும். எனக்கும் ஒவ்வொரு முறையும் வருகிறது.

வளைந்த விரல்கள்

வெறும் கைகள். உறைபனிக் காற்று. உப்புத் தண்ணீர். சிறிது நேரத்தில் விரல்களில் உணர்ச்சி போனது. நிறம் மாறியது.

ஏன் கை கால் விரல்கள் மட்டும் முதலில் உறைகின்றன? நம் உடம்பு ஒரு புத்திசாலிக் குடும்பத் தலைவி மாதிரி. பஞ்சம் வந்தால் முக்கியமானவர்களுக்கு முதலில் சோறு போட்டாக வேண்டும் அல்லவா? குளிர் கடுமையாகும்போது, இதயம், மூளை, நுரையீரல் ஆகியவற்றைக் காப்பாற்றச் சூடான இரத்தத்தை உடம்பு உள்ளேயே நிறுத்திக்கொள்கிறது. விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. இரத்தம் வராத விரல் முதலில் மரத்துப்போகிறது; பிறகு சதைக்குள் இருக்கும் நீரே உறைந்து, சதை செத்துப்போகிறது.

பிளாக்பர்னுக்கு இந்த விஞ்ஞானமெல்லாம் தெரியாது. ஆனால் கடல் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் தன் விரல்கள் கட்டை போல் விறைத்து நின்றுவிடும் என்பது தெரிந்தது. நீட்டியபடி விறைத்துவிட்டால் துடுப்பைப் பிடிக்கவே முடியாது. அப்புறம் இரண்டு பேருக்குமே சாவுதான்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு துடுப்புகளின் பிடிகளையும் விரல்களால் இறுக வளைத்துப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். விரல்கள் வளைந்த நிலையிலேயே உறைந்து கொக்கிகளாயின. இனி அவற்றில் துடுப்பை நுழைக்கலாம், எடுக்கலாம். வலி என்பதே இல்லை, ஏனென்றால் விரல்களுக்கு உயிரே இல்லை.

இதைச் சொல்லும்போது என் வகுப்பில் சத்தமே இருக்காது. கைகளைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்ததும், கைகளைக் கொடுத்து உயிரைக் காப்பாற்றத் துணிந்த இருபத்து மூன்று வயது இளைஞர் அவர்.

இரண்டாவது இரவில் டாம் வெல்ஷ் தளர்ந்து போனார். தண்ணீர் இறைக்கும் வேலையும் ஓடவில்லை. படகின் முன்பக்கம் சுருண்டு படுத்துவிட்டார். நண்பரை உசுப்பி எழுப்ப பிளாக்பர்ன் செய்த முயற்சி எதுவும் பலிக்கவில்லை. அந்த இரவிலேயே வெல்ஷின் உயிர் பிரிந்தது.

குளிரில் மாட்டிக்கொண்டவருக்கு ஒரு கட்டத்தில் எல்லாமே போதும் என்று தோன்றிவிடும். தூக்கம் தூக்கமாக வரும். பேச்சுக் குழறும். இது சோம்பேறித்தனம் இல்லை, கோழைத்தனமும் இல்லை. உடம்பின் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது மூளையே மந்தமாகிவிடுகிறது. வெல்ஷ் மனம் தளர்ந்ததால் இறந்தார் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. குளிர் அவரை முதலில் பிடித்தது, அவ்வளவுதான்.

தனி ஆள்

நண்பரின் உடலைக் கடலில் விட்டுவிட்டால் படகு லேசாகும். வேகமாகப் போகலாம். பிளாக்பர்ன் அப்படிச் செய்யவில்லை. அவருக்கு ஒழுங்கான அடக்கம் கிடைக்க வேண்டும் என்று கூடவே வைத்துக்கொண்டார்.

காற்று சற்றுத் தணிந்ததும் துடுப்பு வலிக்கத் தொடங்கினார். பகலெல்லாம் வலிப்பார். இரவில் பீப்பாய் நங்கூரத்தை விட்டுவிட்டு, தூங்காமல் தண்ணீர் இறைப்பார். துடுப்பின் மரம் உராய்ந்து உராய்ந்து, செத்துப்போன உள்ளங்கைச் சதை தேய்ந்தது. சோறு இல்லை, தண்ணீர் இல்லை, உறக்கம் இல்லை.

கடைசியில் நிலம் தெரிந்தது. ஓர் ஆற்றின் முகத்துவாரம். கரையில் ஒரு குடிசை. ஆனால் உள்ளே ஆளே இல்லை, பாழடைந்த குடிசை! அங்கே ஓர் இரவைக் கழித்தார். மறுநாள் மறுபடியும் படகில் ஏறித் துடுப்புப் போட்டு ஆட்களைத் தேடினார். ஐந்தாம் நாள்தான் மனித முகத்தைப் பார்த்தார். லிட்டில் ரிவர் என்ற மிகச் சிறிய குடியிருப்பில் வாழ்ந்த லிஷ்மன் குடும்பத்தார் அவரை வீட்டுக்குள் அழைத்துப் போனார்கள்.

அவர்களுக்கே அந்தக் குளிர்காலத்தில் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். இருந்ததைப் பகிர்ந்துகொண்டார்கள். டாக்டர் கிடையாது, மருந்து கிடையாது. உறைந்த கைகளை உப்புத் தண்ணீரில் ஊற வைத்தார்கள். மாவையும் மீன் எண்ணெயையும் குழைத்துக் கட்டுப் போட்டார்கள். சூடு ஏற ஏற, அதுவரை இல்லாத வலி வந்தது. வாரக்கணக்கில் அந்த வீட்டு அம்மாள் கட்டுப் போட்டுக் காப்பாற்றியும் விரல்கள் நிற்கவில்லை. இரண்டு கைகளிலும் எல்லா விரல்களும் போயின. கட்டைவிரல்களில் பாதி மட்டும் மிஞ்சியது. கால் விரல்களிலும் பல போயின. டாம் வெல்ஷுக்கு அவர் நினைத்தபடி நல்லடக்கம் நடந்தது.

இன்றைய நாளில் இப்படி நடந்தால், உறைந்த கையைத் தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது என்பார்கள் டாக்டர்கள். உணர்ச்சி இல்லாத கை நெருப்பில் வெந்தாலும் தெரியாது. தேய்த்தால் செத்த சதை கிழியும். நம் உடம்புச் சூடு அளவுக்கு, 37 முதல் 39 டிகிரி வரை, இதமான வெந்நீரில் வைக்கச் சொல்கிறார்கள். அதுவும் மறுபடி உறையாது என்பது நிச்சயமானால்தான். ஒருமுறை இளகி மறுமுறை உறைந்தால் முன்னைவிட மோசம்.

தண்ணீருக்குள் விழுந்தால்?

பிளாக்பர்ன் கடலுக்குள் விழவில்லை, படகிலேயே இருந்தார். அதனால்தான் ஐந்து நாள் தாங்கினார். விழுந்திருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்கியிருப்பது கஷ்டம். ஏன் என்றால், காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக நம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் என்ற விஞ்ஞானி, ஐஸ் தண்ணீருக்குள் தானே இறங்கி ஆராய்ச்சி செய்தவர். அவர் சொல்லும் கணக்கு 1, 10, 1. மனப்பாடம் செய்வது சுலபம்.

முதல் 1 நிமிடம்: குளிர் அதிர்ச்சியில் மூச்சு வாங்கும், நம்மை அறியாமல் வாய் திறந்து காற்றை இழுப்போம். அப்போது தலை நீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் நுரையீரலுக்குள் போகும். குளிர்ந்த நீரில் பலர் மூழ்குவது இந்த ஒரு நிமிடத்தில்தான், உடம்பு சில்லிட்டுப் போய் அல்ல. பதறாமல், தலையை மேலே வைத்து மூச்சைச் சீராக்க வேண்டும்.

அடுத்த 10 நிமிடம்: கை கால்கள் நாம் சொல்வதைக் கேட்கும். படகைப் பிடித்து ஏற வேண்டுமென்றால் இந்தப் பத்து நிமிடத்துக்குள். அதற்கு மேல் உங்கள் பொத்தான் சோதனையில் நடந்ததுதான் நடக்கும்.

கடைசி 1, ஒரு மணி நேரம்: ஏறத்தாழ அதற்குப் பிறகுதான் நினைவு தப்பும். உயிர்க்கவசச் சட்டை அணிந்திருந்தால் நினைவு தப்பினாலும் முகம் நீருக்கு மேலே மிதக்கும். உதவி வர அந்த ஒரு மணி நேரம் போதுமானதாக இருக்கலாம்.

நன்றாக நீந்துபவருக்கு உயிர்க்கவசம் எதற்கு என்று கேட்டான் என் மாணவன் ஒருவன். அவன் கிணற்றில் மேலிருந்து குதிக்கும் சூரன். பொத்தான் போட முடியாத கையால் எப்படியப்பா நீச்சல் அடிப்பாய் என்று திருப்பிக் கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

தக்கையால் செய்த உயிர்க்கவசம் 1850களிலேயே இங்கிலாந்தில் உயிர்காப்புப் படகுக்காரர்கள் அணிந்ததுதான். ஆனால் அது பருமனானது. அதை மாட்டிக்கொண்டு தூண்டில் இழுப்பது கஷ்டம் என்று மீனவர்கள் ஒதுக்கினார்கள். இன்று குளிர்க்கடல் மீனவர்களுக்கு உடம்பு முழுவதையும் மூடும், நீர் புகாத உடையே வந்துவிட்டது. விழுந்த இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லும் சிறு கருவியும் உண்டு. படகு கவிழ்ந்தாலும் அதைவிட்டு நீந்திப் போகாமல் அதன் மேலேயே தொற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒரு தலையைவிடப் படகுதானே தேடுபவர் கண்ணுக்குத் தெரியும்?

விரல் இல்லாத மாலுமி

வசந்த காலத்துக்குப் பின் குளோஸ்டர் திரும்பிய பிளாக்பர்னை ஊரே கொண்டாடியது. மக்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அதைக் கொண்டு கடை வைத்தார்; பிறகு மது விடுதி ஒன்றையும் நடத்தினார். விரல் இல்லாதவர் மீன் பிடிக்க முடியாதே, வேறு வழி? வியாபாரம் செழித்தது. கஷ்டப்படும் மீனவர் குடும்பங்களுக்குத் தாராளமாகக் கொடுத்தார்.

சும்மா இருக்கத்தான் அவருக்குத் தெரியவில்லை. 1897இல் கனடாவின் கிளாண்டைக் பகுதியில் தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி பரவியபோது, ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு தென் அமெரிக்காவைச் சுற்றிக் கப்பலில் கிளம்பினார். வழியில் சண்டை வந்து பிரிந்தார். தங்கத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வீடு திரும்பினார்!

அடுத்து அவர் செய்ததுதான் உலகத்தையே வாய் பிளக்க வைத்தது. 1899 ஜூன் மாதம், கிரேட் வெஸ்டர்ன் என்ற சிறு பாய்மரப் படகில், தன்னந்தனியாக, அட்லாண்டிக் கடலில் இறங்கினார். போய்ச் சேர்ந்த ஊர் எது தெரியுமா? இங்கிலாந்தில் இருக்கும் குளோஸ்டர்! குளோஸ்டரிலிருந்து குளோஸ்டருக்கு 62 நாள். கயிற்றை இழுக்க வேண்டும், முடிச்சுப் போட வேண்டும், பாயை இறக்க வேண்டும். எல்லாவற்றையும் உள்ளங்கைகளுக்கு நடுவே இடுக்கியே செய்தார்.

1901இல் மறுபடியும். இந்த முறை கிரேட் ரிபப்ளிக் என்ற படகு. 25 அடி நீளம்தான். தன் மேற்பார்வையில் கட்டியது. போர்ச்சுகல் நாட்டுக்கு 39 நாளில் போய்ச் சேர்ந்தார்.

1903இல் மூன்றாவது தடவை கிளம்பினார். படகு இன்னும் சிறியது; ஒரு டோரி. பெயர் அமெரிக்கா. வானிலை மோசமாக இருந்தது. கடல் அடி மேல் அடி கொடுத்தது. பிளாக்பர்ன் என்ன செய்தார்? பயணத்தைக் கைவிட்டுக் கரைக்குத் திரும்பினார்.

அவருடைய பயணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மூன்றாவதுதான். மாணவர்களிடம் கேட்டால் 62 நாளையும் 39 நாளையும் சொல்வார்கள். இருக்கட்டும். இரண்டு முறை அட்லாண்டிக்கைத் தாண்டியவர், ஊரே புகழ்ந்து பேசும் பெயர், பத்திரிகைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அப்படிப்பட்டவருக்குத் திரும்பி வருவது எவ்வளவு கடினம்! திரும்பினார். அதன் பிறகு இருபத்தொன்பது ஆண்டுகள் உயிரோடு இருந்தார்.

1932 நவம்பரில் பிளாக்பர்ன் காலமானார். குளோஸ்டரில்தான் அடக்கம் செய்தார்கள். கிரேட் ரிபப்ளிக் படகு அந்த ஊரின் கேப் ஆன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னொன்று. 1980களின் பிற்பகுதியிலிருந்து, ஆண்டுதோறும் ஜூலை மாதம் அவர் பெயரில் அங்கே ஒரு படகுப் போட்டி நடக்கிறது. கேப் ஆன் நிலப்பகுதியைச் சுற்றி, திறந்த கடலில், 20 மைலுக்கு மேல் துடுப்பு வலிக்க வேண்டும். டோரிகளும் கலந்துகொள்கின்றன. அது கோடைக்காலம், கடல் ஓரளவு சாதுவாக இருக்கும். அப்படியிருந்தும் போட்டியாளர்கள் ஒவ்வொருவரும் உயிர்க்கவசம் கொண்டுவர வேண்டும். பாதுகாப்புப் படகுகள் கூடவே சுற்றிக்கொண்டிருக்கும்.